பேனலுக்கு முன்னால் ஒரு சாக்பீஸ்

மடிப்பாக்கத்தில் எங்கள் மொட்டைமாடிக்கு சோலார் வந்ததிலிருந்து, "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்காத அக்கம்பக்கம் இல்லை. நான் திருப்பிக் கேட்பேன்: "உங்க ஈ.பி. பில் எத்தனை யூனிட்?"

ரூபாயை விடுங்கள், யூனிட்டைப் பாருங்கள். ரெண்டு மாசத்துக்கு 500ஐத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறுவதில்லை. 101லிருந்து 200 வரைக்கான மலிவு ரேட்டும் போய்விடும். கோடையில் எங்களுக்கு 740 வந்தது. சென்னை வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். 2 கிலோவாட் என்றால் ரெண்டு மாசத்தில் 480. கழித்தால் 260. சோலார் கம்பெனிக்காரர்கள் மூணு கிலோவாட் போடச் சொல்லி ஆசை காட்டினார்கள், நான் அசையவில்லை. பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு மானியம் 60,000 ரூபாய். பேனலும் அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியத் தயாரிப்பாக இருந்தால்தான் அது கிடைக்கும், பில்லில் எழுதி வாங்குங்கள்.

அடுத்தது நிழல். இதில்தான் நான் ஏமாந்தேன். இடம் பார்க்க வந்த பையன் சித்திரை உச்சி வெயிலில் வந்தான். அப்போது நம் ஊரில் சூரியன் நேர் தலைக்கு மேலே. "நிழலே இல்லைங்கம்மா" என்று மாட்டிவிட்டுப் போனான். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்ததும் ஆறடி தண்ணீர் டேங்க் நண்பகலிலேயே நாலரை அடி நிழலை வடக்கே நீட்டியது. ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுக்க மந்தமாகிவிடும். பிளம்பரை வைத்து டேங்கையே நகர்த்தினோம், தண்டச் செலவு. மார்கழியில் ஒன்பது மணி, பன்னிரண்டு மணி, மூணு மணிக்கு நிழலோரம் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். வடாம் காயப்போட இடம் மிஞ்சுமா என்பதும் அப்போதே தெரியும். எனக்கு மிஞ்சவில்லை.

பேனல் தெற்கு பார்த்து, 13 டிகிரி சாய்வில் இருக்கட்டும். ஸ்டாண்டை வெறும் பெயின்ட் அடித்த இரும்பில் செய்யவிடாதீர்கள், உப்புக்காற்று தின்றுவிடும். 2016 வர்தா புயலில் எதிர்வீட்டுத் தகரம் எங்கள் மாடியில் வந்து விழுந்தது, அதனால் போல்ட்டை நானே நின்று எண்ணினேன்.

கரண்ட் போனால் பேட்டரி இல்லாத சோலாரும் நின்றுவிடும். நம் மாடி கரண்ட் தெரு லைனுக்குள் போய், அங்கே வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக்கூடாதே! பழைய இன்வெர்ட்டரை விற்றுவிடாதீர்கள்.

கேஸை ஒரேயடியாக விட்டுவிட முடியுமா என்றால், முக்கால்வாசி முடியும். குக்கர், பால், ரசம் எல்லாம் இண்டக்ஷனில்தான். பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டுகிறதா பாருங்கள், இண்டாலியம் ஒட்டாது. கத்திரிக்காய் சுட மட்டும் சிலிண்டரை வைத்திருக்கிறேன்.

பேனலை வெயில் ஏறுமுன் கழுவவேண்டும். எங்கள் போர் தண்ணீர் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. ஏ.சி. குழாயின் கீழே வாளி வைத்துப் பிடித்தால் உப்பில்லாத தண்ணீர், ராத்திரிக்கு அரை வாளி.