ஈராக்குக்கு டாலர் கொண்டு போகிறவர்களுக்கு
டர்பனிலிருந்து ஈராக்குக்கு வேலைக்குப் போகிறவர்கள், இங்கே வங்கியில் ராண்ட் கொடுத்து டாலர் வாங்கும்போதே நீலப் பட்டை ஓடும் புதிய நூறு டாலர் நோட்டாகக் கேட்டு வாங்குங்கள். 2013-இல் வெளிவந்த வடிவம் அது. கிழிசல், பேனாக் கிறுக்கல், முத்திரை இருந்தால் கவுண்டரிலேயே மாற்றித் தரச் சொல்லுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

அமெரிக்கச் சட்டப்படி பழைய நோட்டும் செல்லும். சரி, ஆனால் பாக்தாத், எர்பில் பணமாற்றுக் கடைக்காரருக்குக் கள்ளநோட்டு பயம், அடுத்தவர் அதை வாங்குவாரா என்ற பயம். அதனால் நீலப் பட்டை இல்லாத பழைய வெள்ளை நோட்டுக்கு ஈராக் பணமான தினாரைக் குறைத்தே கொடுப்பார். சில சமயம் தொடவே மாட்டார். புதிய நோட்டைச் சாய்த்தால் அதில் அச்சிட்ட மைக்கூட்டுப் படத்துக்குள் இருக்கும் மணி செம்பு நிறத்திலிருந்து பச்சைக்கு மாறும், சட்டென்று சரிபார்த்துவிடலாம். பத்து, இருபது டாலர் நோட்டுகளுக்கும் பெரும்பாலும் குறைந்த விலைதான். இது அநியாயம், ஆனாலும் நடைமுறை அதுதான்.

முகாமிலேயே சாப்பாடு, தங்குமிடம், சம்பளம் நேராக ஊர்க் கணக்குக்கு என்றால் இந்த மெனக்கெடல் தேவையில்லை. ஒரு டாலர் நோட்டுக்கும் இது பொருந்தாது. அதற்குப் புது வடிவமே வரவில்லை. அப்புறம், வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. வியாழனே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.