நெதர்லாந்துக்குப் புதிதாக வந்தவர்களே, டச்சுச் செய்திகளையும் படியுங்கள்

வந்த முதல் வாரம் என்ன செய்ய வேண்டும் என்பதை ஆபீஸிலேயே சொல்லிவிடுவார்கள். ஹெமேன்டெ எனப்படும் நகராட்சியில் 5 நாளுக்குள் முகவரியைப் பதிய வேண்டும். பி.எஸ்.என். என்ற குடிமக்கள் சேவை எண் வந்ததும், அரசுத் தளங்களில் நுழைவதற்கான டிஜிடி கணக்கைப் போட வேண்டும். 4 மாதத்துக்குள் மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும், ப்ரீமியத்தைப் பழைய தேதியிலிருந்து சேர்த்துத்தான் கட்ட வேண்டியிருக்கும். இதெல்லாம் முடிந்ததும் பலர் அப்பாடா என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். ஊர்ச் செய்தியை நாள் முழுக்கப் பார்ப்பவர்கள்கூட இந்த நாட்டுச் செய்தியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் உங்கள் வாடகை, வரி, பிள்ளையின் பள்ளி விடுப்பு எல்லாவற்றையும் இங்கே நடக்கும் விவாதங்கள்தான் தீர்மானிக்கின்றன.

முதலில், எல்லாரையும் பயமுறுத்தும் குடியேற்ற விவாதம். 2023 நவம்பர் தேர்தலில் குடியேற்றத்தை எதிர்க்கும் கீர்ட் வில்டர்ஸின் பி.வி.வி. கட்சி நாடாளுமன்றக் கீழவையின் 150 இடங்களில் 37 பிடித்து முதலிடம் வந்தது. அந்தக் கட்சி சேர்ந்த கூட்டணி, டிக் ஸ்கோஃபைப் பிரதமராக வைத்து 2024 ஜூலையில் பதவியேற்றது. அடைக்கலம் கேட்டு வருபவர்களைக் கட்டுப்படுத்தும் திட்டத்தில் தகராறு வந்து 2025 ஜூன் 3 அன்று வில்டர்ஸ் வெளியேற, ஆட்சி கவிழ்ந்தது. அந்த செப்டம்பரில் டென் ஹாக்கில் நடந்த குடியேற்ற எதிர்ப்புப் போராட்டம் கலவரமாகி, போலீஸ் வண்டி எரிந்தது, டி66 என்ற தாராளவாதக் கட்சியின் அலுவலகக் கண்ணாடிகள் உடைந்தன. அக்டோபர் 29 தேர்தலில் டி66, பி.வி.வி. இரண்டுக்கும் தலா 26 இடங்கள். வாக்கு எண்ணிக்கையில் ராப் யெட்டனின் டி66 கொஞ்சம் முந்தியது.

இதைப் பார்த்துவிட்டு "பெட்டியைக் கட்ட வேண்டியதுதானா?" என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி ஒன்றுமில்லை. சண்டையின் பெரும்பகுதி அடைக்கலம் பற்றியது. டெர் ஆப்பல் என்ற ஊர்ப் பெயர் அடிக்கடி காதில் விழும், அடைக்கலம் கேட்பவர்கள் முதலில் பதிவு செய்யும் மையம் அங்கேதான் இருக்கிறது. நிறுவனம் அழைத்து வந்த திறன்மிகு பணியாளர்களுக்கு, அதாவது கென்னிஸ்மிக்ரான்ட்களுக்கு, விதிகள் வேறு.

அதற்காக, "நாங்கள் வேலைக்கு வந்தவர்கள், அவர்களைப் போல இல்லை" என்று டச்சுக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். 1980களின் நடுவிலிருந்து இந்த நாட்டுக்கு வந்த ஈழத்தமிழர்கள் அடைக்கலம் கேட்டு வந்தவர்கள்தான். இன்று நீங்கள் டென் ஹெல்டர் வரதராஜ செல்வவிநாயகர் கோயிலுக்குப் போய்க் கும்பிட முடிகிறது என்றால் அது அவர்கள் எழுப்பிய கோயில். எதுவுமே தெரியாத ஊரில் அவர்கள் பட்ட பாட்டின் மேல்தான் நாம் வந்து நிற்கிறோம்.

அடுத்து வாட்ஸ்அப் வதந்திகள். "அடுத்த மாதத்திலிருந்து இது ரத்தாம்" என்று யாராவது போட்டால், எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். தேர்தல் அறிக்கையில் இருப்பது வேறு, ட்வேட காமர் என்கிற கீழவையில் நிறைவேறியது வேறு. அதற்கப்புறம் ஈர்ஸ்ட காமர் என்ற மேலவையும் ஒப்புக்கொண்டு, அரசிதழிலும் வந்தால்தான் சட்டம். 30 சதவீத ரூலிங் இதற்கு நல்ல உதாரணம். வெளிநாட்டிலிருந்து அழைத்து வரப்பட்ட பணியாளர்களுக்குச் சம்பளத்தில் 30 சதவீதத்துக்கு வருமான வரி இல்லாத இந்தச் சலுகை, 20 மாதத்துக்கு ஒருமுறை 30, 20, 10 என்று குறையும் என 2024 தொடக்கத்தில் சட்டமே வந்தது. பலர் வீடு வாங்கும் திட்டத்தையே தள்ளிப்போட்டார்கள். அதே ஆண்டு அரசு அதை மாற்றியது: 2026 வரை 30, 2027 முதல் எல்லா ஆண்டுக்கும் 27. 2024க்கு முன்பே சலுகை பெற்றவர்களுக்கு 30 தொடரும். செப்டம்பர் மூன்றாம் செவ்வாய்க்கிழமை பட்ஜெட் நாள். அன்றைக்கு மட்டுமாவது செய்தியை முழுதாகப் படியுங்கள். விண்ணப்பம் வேலையில் சேர்ந்த 4 மாதத்துக்குள் போக வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள், தாமதமானால் முதல் நாளிலிருந்து கிடைக்காது.

இப்போது வீடு. இந்த நாட்டில் சுமார் 4 லட்சம் வீடுகள் பற்றாக்குறை. எல்லாத் தேர்தலிலும் இதுதான் பெரிய பேச்சு, வெளிநாட்டவர்மேல் வரும் கோபத்தின் ஒரு வேரும் இதுதான். குறைந்த வாடகையில் கிடைக்கும் சமூக வீட்டுக்குப் பத்து வருடமாகக் காத்திருக்கும் ஒரு டச்சுக் குடும்பத்தின் எரிச்சலை இனவெறி என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும்.

உங்களைப் பொறுத்தவரை, 2024 ஜூலை 1 அன்று வந்த வாடகைச் சட்டம் மிக முக்கியம். ஒவ்வொரு வீட்டுக்கும் புள்ளி உண்டு: பரப்பளவு, மின்சிக்கனத் தர எழுத்து, சமையலறை, குளியலறை, நகராட்சி போடும் வீட்டு மதிப்பு எல்லாம் சேர்ந்த கணக்கு. அந்தப் புள்ளியை வைத்துத்தான் வாடகைக்கு உச்சவரம்பு. முன்பு குறைந்த வாடகை வீடுகளுக்கு மட்டும் இருந்த இந்த உச்சவரம்பு, அன்றிலிருந்து போடும் ஒப்பந்தங்களில் 186 புள்ளி வரைக்கும் பொருந்தும். 2025 முதல் அந்தப் புள்ளிக் கணக்கை ஒப்பந்தத்தோடு வீட்டுக்காரரே தர வேண்டும். தரவில்லையா, ஹூர்கொமிஸி என்ற வாடகை ஆணையத்தின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். டேப்பை எடுத்து அறைகளை அளந்து, தர எழுத்தைப் பார்த்து நிரப்பினால் அரை மணி நேர வேலை. வாடகை அதிகம் என்று தெரிந்தால் குடிவந்த 6 மாதத்துக்குள் ஆணையத்துக்குப் போய்விடுங்கள். வாடகைதாரர் கேள்வி கேட்பது இங்கே சாதாரணம், அதனால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. அட்வான்ஸ் இரண்டு மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கவும் கூடாது. இந்தச் சட்டத்துக்குப் பின் பல உரிமையாளர்கள் வீட்டை விற்றுவிட்டார்கள், வாடகை வீடுகள் இன்னும் குறைந்தன என்ற வாதமும் சூடாக நடக்கிறது. அதிலும் உண்மை இருக்கிறது. ஆனாலும் "இந்த முகவரியில் பதிவு செய்யக் கூடாது" என்று சொல்லும் வீட்டை மட்டும் எந்த அவசரத்திலும் எடுக்காதீர்கள்.

அப்புறம் நீல உறை. வரித்துறையான பெலாஸ்டிங்டீன்ஸ்ட் அனுப்பும் கடிதம் நீல நிறத்தில் வரும், டச்சு மொழியிலேயே இருக்கும். குழந்தைக் காப்பக உதவித்தொகை வாங்கிய ஆயிரக்கணக்கான பெற்றோரை மோசடிக்காரர்கள் என்று தவறாக முத்திரை குத்தி, சிறு பிழைக்கெல்லாம் முழுத் தொகையையும் திருப்பிக் கேட்டு, குடும்பங்களைக் கடனில் தள்ளியது இந்த நாட்டின் பெரிய அவமானம். வெளிநாட்டுப் பின்னணி கொண்டவர்கள்தான் அதில் அதிகம் அடிபட்டார்கள். அதற்குப் பொறுப்பேற்று அப்போதைய பிரதமர் மார்க் ருட்டேயின் அரசு 2021 ஜனவரி 15 அன்று பதவி விலகியது, இழப்பீட்டு வேலை அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஆகவே காப்பக உதவித்தொகையோ மருத்துவக் காப்பீட்டு உதவித்தொகையோ வாங்கினால், சம்பளம் ஏறியதும் துணைவருக்கு வேலை கிடைத்ததும் உடனே இணையத்தில் மாற்றுங்கள். போட்ட மாற்றத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். நீல உறையை அன்றே பிரியுங்கள்.

சின்ன விஷயங்கள் சில. பிள்ளைக்கு 5 வயதானால் பள்ளி கட்டாயம். பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்குப் போக, பள்ளி நாட்களில் அனுமதியில்லாமல் கூட்டிப்போனால் அபராதம் வரும். தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கக் கூடாது. ஆண்டின் கடைசி இரவில் மட்டும் அனுமதி இருந்தது, அந்தப் பட்டாசையும் மக்களுக்குத் தடை செய்யும் சட்டம் 2025இல் நிறைவேறிவிட்டது. 2025 இறுதியில் வீடுதோறும் அரசு ஒரு கையேடு அனுப்பியது: மின்சாரம், தண்ணீர் இல்லாமல் 72 மணி நேரம் சமாளிக்கத் தயாராக இருங்கள் என்று. ஐரோப்பாவில் போர்ப் பேச்சு எவ்வளவு நெருங்கிவிட்டது என்பது அதைப் படித்தால் தெரியும்.

எங்கே படிப்பது? ஆங்கிலத்தில் டச்சுநியூஸ், என்.எல். டைம்ஸ் என்ற இணையதளங்கள் இரண்டும் போதும். மொழி கற்க ஆரம்பித்ததும் பிள்ளைகளோடு உட்கார்ந்து, பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.ஓ.எஸ்.ஸின் யூக்ட்ஜர்னால் பாருங்கள். சிறுவர்களுக்கான செய்தி என்பதால் வாக்கியங்கள் எளிமையாக இருக்கும், ஆனால் தேர்தலிலிருந்து போர் வரை எதையும் ஒளிக்க மாட்டார்கள். டச்சு பேசிப் பழகக் கூடும் நூலகத்தின் மொழிக் கஃபேயில் போய் அதைப் பற்றியே பேசலாம்.

அங்கே ஒருநாள் அடிமை வணிகம் பற்றிப் பேச்சு வரும். 2023 ஜூலை 1 அன்று மன்னர் வில்லெம் அலெக்சாண்டர் அதற்காக மன்னிப்புக் கேட்டார். பேச்சு பெரும்பாலும் தென் அமெரிக்காவில் டச்சுக் காலனியாக இருந்த சூரினாமோடு நின்றுவிடும். பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் நம் மக்களையும் டச்சுக் கம்பெனி அடிமைகளாகக் கப்பலேற்றியது என்று நீங்கள் சொல்லுங்கள். பலர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை, அமைதியாகக் கேட்பார்கள்.

ஒன்று பாக்கி. டச்சுக் குடியுரிமை இல்லாவிட்டாலும், தொடர்ந்து 5 ஆண்டு சட்டப்படி இங்கே வசித்திருந்தால் நகராட்சித் தேர்தலில் நீங்கள் வாக்களிக்கலாம். விண்ணப்பம் எதுவும் வேண்டாம், வாக்களிப்பதற்கான அழைப்புச் சீட்டு தபாலில் தானாக வரும். அதை எடுத்துக்கொண்டு, ரெசிடென்ஸ் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு போய் வாக்களித்துவிட்டு வாருங்கள்.