கடற்கரை வெயிலில் முகம் முந்தி முதிராமல் இருக்க: சன்ஸ்கிரீன் பூசும் முறை

பாம்பன், மண்டபம், ஏர்வாடி, தொண்டி என்று இந்தக் கரை நெடுகக் காற்று ஓயாமல் வீசுகிறது. அது தோலைக் குளிர வைப்பதால் வெயில் உறைப்பதே தெரியாமல் போகிறது. தோலைப் பொசுக்குவது புற ஊதா பி கதிர். எரிச்சல் எடுத்தால் நாமே நிழலுக்கு ஒதுங்கிவிடுவோம். முகத்தை முதிர வைப்பதில் பெரும்பங்கு புற ஊதா ஏ கதிருக்கு. அது உள்ளே இறங்கி, தோலை இறுக்கமாக வைத்திருக்கும் கொலாஜனைச் சிதைக்கிறது. வலி இருக்காது. அந்தக் கதிர் காலை முதல் மாலை வரை இருக்கும். மேகத்தையும் பஸ் ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும். நம் மாதிரி மாநிறத் தோலில் சுருக்கத்துக்கு முன்பே மங்கு என்கிற திட்டுத் திட்டான கருமைதான் தெரியும்.

அதனால் சன்ஸ்கிரீன் வாங்கும்போது எஸ்.பி.எஃப் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. அது முக்கியமாக பி கதிருக்கான கணக்கு. 30 என்றால் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. அதற்கு மேல் எண் ஏற ஏற விலைதான் ஏறும். ஏ கதிருக்கான காப்பு தெரிய, பக்கத்தில் பி.ஏ. என்று போட்டு எத்தனை கூட்டல் குறி இருக்கிறது என்று பாருங்கள்; மூன்றோ நான்கோ வேண்டும். ஏற்கெனவே மங்கு இருந்தால் இரும்பு ஆக்சைடு சேர்ந்த, லேசான நிறமுள்ள கிரீம் நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கறுக்க வைக்கும். நிறமில்லாத கிரீம் அதை அவ்வளவாகத் தடுக்காது.

பெரும்பாலானோர் தவறுவது அளவில்தான். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துத்தான் அந்த எண்ணையே போடுகிறார்கள். பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கத் தேய்த்தால் 50 என்று எழுதியிருப்பதில் சிறு பங்குதான் கிடைக்கும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் கோடாகப் பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அது சரியாக இருக்கும். ஒவ்வொரு கைக்கும் இன்னொரு இரண்டு விரல். ஒரேயடியாக அப்பினால் வெள்ளையாகத் திரளும். பாதியைப் பூசி, ஒரு நிமிடம் விட்டு மீதியைப் பூசலாம். காது மடல், பிடரி, மூக்கு நுனி, புறங்கை இவை விடுபடும் இடங்கள். இந்த அளவில் தினம் மூன்று தடவை பூசினால் 50 கிராம் டியூப் முகம், கழுத்துக்கே இரண்டு வாரம்தான் வரும். மூன்று மாதம் வந்தால் பூசுவது போதவில்லை என்று அர்த்தம்.

கிளம்புவதற்கு 15, 20 நிமிடம் முன்பே பூசுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தால் உடனே. தண்ணீரில் தாங்கும் வகைகளில் 40 நிமிடம், 80 நிமிடம் என்று போட்டிருக்கும். அதற்கு மேல் நம்பக் கூடாது. முகத்தில் உப்புப் படிந்திருக்கும்போது அதன் மேலேயே பூசினால் திரி திரியாக உருண்டு வந்துவிடும். குடிக்கக் கொண்டுபோன தண்ணீரில் ஒரு கை அள்ளிக் கழுவி, ஒற்றி எடுத்துவிட்டுப் பூசுங்கள். வேர்வையோடு வழிந்து கண் எரிகிறது என்பவர்கள் நெற்றிக்கும் கண்ணைச் சுற்றியும் துத்தநாக ஆக்சைடு மட்டும் உள்ள கிரீமையோ ஸ்டிக்கையோ பயன்படுத்தலாம். வலை இழுப்பவர்கள் பூசியதும் உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள், பிடி வழுக்கும்.

சித்திரை பிறக்கும் நாட்களிலும் ஆகஸ்ட் கடைசியிலும் இங்கே சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இராமேஸ்வரத்தில் உச்சிப்பொழுது கடிகாரப்படி சுமார் 12.15 மணி. ஆண்டு முழுவதற்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் கதிர் கடுமையாக இருக்கும். உப்பளத்திலும் கருவாடு காயும் மணலிலும் வேலை பார்ப்பவர்களால் அந்த நேரத்தில் ஒதுங்க முடியாது. அவர்களுக்குத் துணிதான் முதல் காப்பு. துணி மூடாத இடத்துக்கு மட்டும் கிரீம், செலவும் குறையும். கடல்பாசி எடுக்கும் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போடுவது மிகச் சரியான பழக்கம். நெருக்கமாக நெய்த, அடர்நிறத் துணியாக இருக்கட்டும். நனைந்த வெள்ளைப் பருத்தி கதிரை நிறைய உள்ளே விடும். மணலும் நுரையும் கதிரைத் திருப்பி அடிப்பதால் குடைக்குக் கீழேயும் கிரீம் தேவை.

கடலில் இறங்குபவர்கள் ஆக்சிபென்சோன் என்ற வேதிப்பொருள் கலந்த கிரீமைத் தவிருங்கள். அது பவளப்பூச்சிகளின் இளம் பருவத்தைக் கெடுப்பது ஆய்வகத்தில் தெரிந்திருக்கிறது. ஹவாய்த் தீவுகளில் 2021 முதல் அதன் விற்பனைக்குத் தடை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியும் பவளம் இருக்கிறது, அதை நம்பி மீனும் இருக்கிறது.

மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் சன்ஸ்கிரீனுக்கு மாற்றாகாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கிரீம் வேண்டாம், நிழலும் துணியும் போதும். டியூபை வண்டிப் பெட்டியிலோ படகின் மேல்தட்டிலோ வெயிலில் போட்டு வைக்காதீர்கள். சூட்டில் எண்ணெய் தனியாகப் பிரிந்துவிடும். பிதுக்கும்போது தண்ணீராக ஒழுகினாலோ வாடை மாறியிருந்தாலோ, தேதி மிச்சமிருந்தாலும் எறிந்துவிடுங்கள்.