அண்டர்லேயின் மேல் கார்ப்பெட்டை ஒட்டிப் பதிக்கும் முறை

கார்ப்பெட் போட இரண்டு வழிகள் உண்டு. அறையின் ஓரங்களில் ஆணிப்பட்டை அடித்து இழுத்து மாட்டுவது ஒன்று. கார்ப்பெட்டுக்கு அடியில் போடும் விரிப்பான அண்டர்லேயைத் தரையோடும், கார்ப்பெட்டை அந்த அண்டர்லேயோடும் இரண்டு பசைகளால் ஒட்டுவது மற்றொன்று. படுக்கையறைக்கு முதல் வழியே போதும். சென்னையின் தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெரு பக்கத்து அலுவலகங்களைப் போல நீளமான கூடமும் சக்கரம் வைத்த அலுவலக நாற்காலிகளும் இடைவிடாத நடமாட்டமும் உள்ள இடத்தில், இழுத்து மாட்டிய கார்ப்பெட் நாளடைவில் தளர்ந்து அலை அலையாக எழும்பும். அங்கேதான் இரட்டை ஒட்டு தேவைப்படுகிறது.

இந்த முறையின் உயிர்நாடி, கீழ்ப்பசையும் மேல்பசையும் ஒன்றல்ல என்பதில் இருக்கிறது. தரைக்கும் அண்டர்லேக்கும் நடுவில் வருவது, காய்ந்த பிறகும் பிசுபிசுப்புக் குறையாத, பின்னாளில் உரித்தெடுக்கக்கூடிய பசை. அண்டர்லேக்கும் கார்ப்பெட்டுக்கும் நடுவில் வருவது நிரந்தரப் பசை. ஒரே டின்னில் இரண்டு வேலையையும் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். வாடகைக் கட்டடத்தைக் காலி செய்யும் நாளில், பழைய மொசைக் தரையைப் பெயராமல் திருப்பிக் கொடுக்க உதவுவது அந்தக் கீழ்ப்பசைதான். அண்டர்லேயும் இரட்டை ஒட்டுக்கென்றே செய்யப்பட்ட, அடர்த்தியான, மெல்லிய ரப்பர் வகையாகவோ ஃபெல்ட் வகையாகவோ இருக்க வேண்டும். சோபாவுக்குப் போடும் மெத்தென்ற ஃபோமைக் கொடுத்தால், காலடி படும்போதெல்லாம் கார்ப்பெட் அமுங்கி எழுந்து, இணைப்புகள் விட்டுப்போகும். அடியிலேயே ஃபோம் ஒட்டி வரும் கார்ப்பெட் இந்த முறைக்கு ஆகாது.

வட சென்னையில் பசைக்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஓதம். கடலை ஒட்டிய ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பகுதிகளின் பழைய கட்டடங்கள் பலவற்றில் தரைத்தளத்துக்கு அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சிமெண்டின் காரத்தையும் சேர்த்துக் கொண்டுவந்து பசையைக் கெடுத்துவிடும். சுவரின் அடியில் உப்புப் பூத்திருந்தால் அதுவே போதிய எச்சரிக்கை. அப்படி எதுவும் தெரியாவிட்டாலும், 45 செ.மீ. சதுரமான தடித்த பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் நாடாவால் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுப் பாருங்கள். அடியில் நீர்த்துளி நின்றாலோ தரை கறுத்திருந்தாலோ அந்தத் தரை தயாராக இல்லை. தாள் உலர்ந்திருப்பதை மட்டும் நம்பி முடிவெடுக்காமல், தரையோடு ஒட்டி மூடி வைக்கும் ஈரப்பதமானியாலும் அளந்து, ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டவில்லை என்று உறுதி செய்துகொள்வது நல்லது. புதிதாகப் போட்ட சிமெண்ட் பூச்சு மில்லிமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் காயும் என்பார்கள். நம் கடற்கரைக் காற்றில் அதைவிடக் கூடுதலாகவே எடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே உத்தமம். 2015 டிசம்பரிலோ 2023 மிக்ஜாம் புயலிலோ தண்ணீர் ஏறி நின்ற தரைத்தளமாக இருந்தால், கார்ப்பெட் எண்ணத்தையே கைவிடுங்கள் என்பதுதான் என் யோசனை.

மாடித் தளத்தில் மண்ணின் ஓதம் வராது, ஆனால் வேறு தொல்லை உண்டு. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸ் தளம் ஆங்காங்கே பள்ளம் வாங்கியிருக்கும். 2 மீட்டர் நீளமுள்ள நேரான அலுமினியச் சட்டத்தைப் பல திசைகளில் வைத்து, அடியில் 3 மி.மீ.க்கு மேல் சந்து தெரியும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, சமன்படுத்தும் கலவையால் நிரப்ப வேண்டும். மொசைக்கிலும் சிவப்பு ஆக்சைடு தரையிலும் பல ஆண்டு மெழுகு ஏறியிருக்கும். அதைக் கழுவி நீக்கி, உப்புத்தாளால் தேய்த்து, தூசியை உறிஞ்சி எடுத்த பிறகே பிரைமரும் கலவையும் பிடிக்கும்.

கார்ப்பெட், அண்டர்லே, பசை மூன்றையும் அந்த அறையிலேயே ஒரு நாள் முன்னதாக இறக்கி வையுங்கள். ஏசி ஓடும் அறையென்றால், வழக்கமான குளிர்ச்சியில் ஓடிக்கொண்டே இருக்கட்டும். பிறகு பசையில்லாமல் ஒத்திகை பாருங்கள். அறையின் நடுக்கோட்டை நூல் பிடித்துப் போட்டு, மூலைமட்டத்தால் சரிபார்த்து, கார்ப்பெட் இணைப்புகள் வாசலுக்கு நேரே விழாதபடி திட்டமிட வேண்டும். எல்லாத் துண்டுகளின் இழையும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் பகல் வெளிச்சத்தில் இரண்டு நிறம்போலத் தெரியும். அண்டர்லேயைக் கார்ப்பெட்டுக்குக் குறுக்காகப் போடலாம். ஒரே திசையில் போட்டால் இரண்டின் இணைப்புகளுக்கும் இடையில் குறைந்தது 15 செ.மீ. தள்ளியிருக்க வேண்டும்.

கீழ்ப்பசையை, டின்னில் குறிப்பிட்ட அளவுக்குப் பல் வெட்டிய கரண்டியால் சீராக இழுக்க வேண்டும். உடனே அண்டர்லேயைப் போட்டுவிடக் கூடாது. பசையின் வெண்மை மங்கி, விரல் முட்டியால் தொட்டால் ஒட்டும், ஆனால் விரலோடு வராது என்ற பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். டின்னில் எழுதிய நிமிடக் கணக்கு நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பொருந்தாமல் போகலாம். கடிகாரத்தைவிட விரல் முட்டியை நம்பலாம். அண்டர்லேயின் ஓரங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கட்டும். மேலேறவோ இடைவெளி விடவோ கூடாது. இணைப்பின் மேல் நாடாவும் வேண்டாம், அந்த இடத்தில் மேல்பசை பிடிக்காமல் கோடு விழும்.

மேல்பசையின் பதம் இதற்கு நேர்மாறானது. கார்ப்பெட்டின் ஒரு பாதியை மடித்துப் போட்டு, திறந்த அண்டர்லேயின் மேல் பசையை இழுத்து, சற்று நேரம் விட்டு, ஈரம் இருக்கும்போதே கார்ப்பெட்டை இறக்க வேண்டும். இறக்கியதும் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். கார்ப்பெட்டின் அடிப்பக்கத்திலும் அண்டர்லேயிலும் பசை படிந்து, நடுவில் மெல்லிய இழைகளாக நீண்டால் சரி. கார்ப்பெட்டின் அடி வெறுமையாக இருந்தால் பசை காய்ந்துவிட்டது அல்லது கரண்டியின் பல் தேய்ந்துவிட்டது; சுரண்டிவிட்டு மறுபடி இழுப்பதைத் தவிர வழியில்லை. சிறு அறைக்குள் வேலை செய்யும்போது சன்னல்களைத் திறந்து வைப்பதோடு, கரைப்பான் கலந்த பசையானால் சாமி விளக்கையும் ஊதுவத்தியையும் கண்டிப்பாக அணைத்துவிட வேண்டும்; அதன் ஆவி தீப்பிடிக்கும்.

இணைப்புகளில் வெட்டிய விளிம்புகளுக்கு அதற்குரிய விளிம்புப் பசையை மெல்லிய கோடாகத் தடவி, ஈரம் காய்வதற்குள் இரு விளிம்பையும் நெருக்கிச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் இழை பிரிந்து வரும். பிளேடை அடிக்கடி மாற்றுங்கள், மழுங்கிய பிளேடு வெட்டுவதில்லை, கிழிக்கிறது. காற்றுக் குமிழியை நடுவிலிருந்து சுவரை நோக்கித் தள்ளுங்கள். வெறுந்தரையில் நேரடியாக ஒட்டும்போது பயன்படுத்தும் 34 முதல் 45 கிலோ வரையுள்ள ரோலரை இங்கே உருட்டினால் அண்டர்லே நசுங்கி, கார்ப்பெட் நகர்ந்துவிடும். இலகுவான ரோலரோ, கார்ப்பெட் சுற்றி வந்த அட்டைக் குழாயோ போதும். நீளவாக்கிலும் குறுக்காகவும் உருட்ட வேண்டும்.

சுவரோரம் மிச்சத்தை வெட்டி, நிலைவாசலில் அலுமினியப் பட்டையைத் திருகுங்கள். குறைந்தது 24 மணி நேரம் யாரும் நடக்கக் கூடாது. பீரோ, மேசைகளை 48 மணி நேரம் கழித்துக் கொண்டுவரலாம். ஈரமாகக் கழுவும் ஷாம்பு வேலையை 30 நாள் தள்ளிப்போடுங்கள். இடையில் எங்காவது சிறு குமிழி எழுந்தால் கார்ப்பெட்டைக் கீற வேண்டாம். தடித்த ஊசி பொருத்திய சிரிஞ்சால் இழைகளுக்கு நடுவே மேல்பசையைச் செலுத்தி, ஒரு பலகையின் மேல் சுமை ஏற்றி, மறுநாள் வரை விட்டுவிடுங்கள்.