உன்னிப் புதரில் கத்தி வைப்பதற்கு முன்

கோத்தகிரிப் பக்கம் வெளியூர்க்காரர்களின் நாலு காலி மனைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மனைக்காரர்கள் போன் செய்தால் பெரும்பாலும் ஒரே பாட்டுதான்: "புதர் மண்டிடுச்சுன்னு நோட்டீஸ் வந்திருக்கு. ஒரு பொக்லைன் விட்டு மொத்தமா வழிச்சுடுங்க." அங்கேயே நிறுத்திவிடுவேன்.

நீலகிரியில் சொந்த நிலமானாலும் பொக்லைனை இறக்க ஆட்சியரின் அனுமதி வேண்டும். மரமும் அப்படித்தான். 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் ஆட்சியர் தலைமையிலான குழு சம்மதிக்க வேண்டும். 'நாங்கள் நட்ட சில்வர் ஓக்தானே' என்ற பேச்சு எடுபடாது. சீகை மரத்தை (வாட்டில்) ஊரே திட்டுகிறது, ஆனாலும் மனு கொடுத்துவிட்டுத்தான் கோடாலியைத் தொட வேண்டும். உன்னி (லாண்டனா செடி), பார்த்தீனியம் போன்ற புதருக்கும் களைக்கும் இந்தத் தொல்லை இல்லை.

நோட்டீஸில் கெடு தேதியைப் பாருங்கள். தாண்டினால் நோட்டீஸ் அனுப்பியவர்களே ஆள் விட்டு வெட்டி, செலவை உங்கள் தலையில் கட்டலாம். வேலைக்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, எழுத்தில் பதில் கொடுங்கள்.

சரி, உன்னிக்கு வருவோம். முதல் வருஷம் கூலி மிச்சம் பிடிக்கிறேன் என்று இடுப்பளவில் அரிவாளால் சீவவிட்டேன். ஒரு தண்டு இருந்த இடத்தில் ஏழெட்டு கிளம்பி, அடுத்த மழைக்குள் ஆள் மறைகிற புதர்! அதன் உயிர் அடிக்கட்டையில், மண்ணை ஒட்டினாற்போல் முண்டும் முடிச்சுமாக இருக்கிற இடத்தில் இருக்கிறது. நாலு விரல் ஆழம் தோண்டி, அந்த முண்டுக்குக் கீழே வேரை வெட்டுங்கள். கட்டையைத் தூக்கி மண்ணை உதறி, வேர் மேலே பார்க்கத் தலைகீழாகப் போட்டுவிடுங்கள். வேரில் மண் பட்டால் திரும்பத் தழைக்கும். காய் பழுப்பதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

வெட்டியதைக் கொளுத்த வேண்டாம், கோடைக்காற்றில் தீ எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. மாட்டுக்கும் போடாதீர்கள், அதற்கு விஷம்.

பாதைப்பக்கம் இருந்து தகரத்தைத் தட்டிக்கொண்டே மேலே ஏறுங்கள். உள்ளே கரடியோ காட்டெருமையோ படுத்திருந்தால், அது மேல்பக்கமாக நழுவ வழி இருக்க வேண்டும்.

அப்புறம், ஆட்களுக்குத் தவிட்டுப்பழச் செடியை அடையாளம் காட்டுங்கள். இலையின் அடிப்பக்கம் வெளுத்து, பஞ்சு மாதிரி இருக்கும். உன்னி இலையோ சொரசொரக்கும், கசக்கினால் வாடை அடிக்கும், தண்டு நாலு பட்டை. அவசரத்தில் இரண்டையும் சேர்த்தே பிடுங்கிவிடுகிறார்கள். தவிட்டுச்செடியும் புல்லும் மண்ணைப் பிடித்து நிற்பவை, விட்டுவிடுங்கள். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அதனால் சரிவை ஒரேயடியாக மொட்டை அடிக்க மாட்டேன். ஜூனில் ஒரு பட்டை நிலத்தில் மட்டும் உன்னியை எடுத்து, அடுத்த பட்டையை விட்டுவைப்பேன். ஐப்பசி மழைக்குள் புல் மூடிவிடும். மீதி அடுத்த வருஷம்.

மூன்று மாதம் கழித்து ஒரு நடை போங்கள். கொண்டைக்குருவி எச்சமிட்ட இடமெல்லாம் விரல் நீளத்துக்கு உன்னி முளைத்திருக்கும். மழைக்கு மறுநாள் போனால் கையாலேயே வந்துவிடும்.