சாலையோரத்தில் பழைய கார்களைக் கண்டால் பலரும் செய்யும் தவறுகள்

தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளில் ஊர் தொடங்கும் இடத்திலோ முடியும் இடத்திலோ, மூடிக்கிடக்கும் பெட்ரோல் பங்க் வளாகத்திலும் பட்டறையின் பின்புறத்திலும் பழைய கார்கள் வரிசையாக நிற்பதை இன்றும் பார்க்கலாம். பெரும்பாலும் அம்பாசடர், இடையில் ஒன்றிரண்டு ஃபியட், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அவற்றைக் கண்டதும் மனம் துள்ளுகிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்த உற்சாகத்தில் செய்யும் காரியங்கள் பல நேரம் வண்டிக்கும் அதன் உரிமையாளருக்கும், சில நேரம் நமக்கும் கெடுதலாக முடிகின்றன. இந்தத் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே வேர்தான்: துருப்பிடித்து நிற்பதாலேயே அந்த வண்டி யாருக்கும் வேண்டாதது என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

அதற்கு முன்பே, வண்டியிலிருந்து இறங்குவதற்குள் நடக்கும் தவறு ஒன்று உண்டு. கண்ணில் பட்ட உடனே பிரேக்கை மிதிக்கிறோம். நீங்கள் ஏன் வேகத்தைக் குறைக்கிறீர்கள் என்பது பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்குத் தெரியாது. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒதுங்கி நின்றுவிட்டால் பாதுகாப்பு என்று எண்ணுவதும் தவறு. ஓரமாக நிற்கும் வண்டியின் பின்புறத்தில் மோதுவது நம் சாலைகளில் திரும்பத் திரும்ப நடக்கும் விபத்து. அந்த இடத்தைக் கடந்துபோய், அடுத்த டீக்கடையின் முன்னால் சாலையை விட்டு முழுவதுமாக இறக்கி நிறுத்துங்கள். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. அந்தக் கார்கள் யாருடையவை, அவர் எப்போது வருவார் என்பது டீக்கடைக்காரருக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும்.

கேட்பாரற்றவை அல்ல

வேலி இல்லை, ஆள் இல்லை, டயரில் காற்று இல்லை. அதனால் உள்ளே போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பத்துக் கார்கள் தாமாக ஓரிடத்தில் வந்து சேர்வதில்லை. யாரோ ஒருவர் ஒவ்வொன்றையும் தேடி, விலை பேசி, இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறார்.

அதற்குக் காரணமும் இருக்கிறது. அம்பாசடர் உற்பத்தி மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 மே மாதம் நின்றுபோனது. ஃபியட்டின் வழிவந்த பிரீமியர் பத்மினி 2001-இல் நின்றது. ஹெரால்டின் வழிவந்த கெஸல் 1970களோடு முடிந்தது. எஞ்சின் பாகங்களை ஓரளவுக்குத் தேடிப் பிடிக்கலாம். ஆனால் ஹெரால்டுக்கு ஒரு கதவுக் கைப்பிடியோ விளக்கு வளையமோ வேண்டுமானால், அது இன்னொரு ஹெரால்டிலிருந்துதான் வர வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்குக் குப்பையாகத் தெரியும் ஓட்டை வண்டி, ஓடிக்கொண்டிருக்கும் மூன்று வண்டிகளுக்கு உயிர்கொடுப்பதற்காக நின்றுகொண்டிருக்கலாம். சென்னை புதுப்பேட்டையில் எத்தனையோ நல்ல வண்டிகள் பிரித்து விற்கப்பட்டன. அந்த வழியில் போகாமல் ஒருவர் காப்பாற்றி வைத்திருக்கிறார் என்றால், அவர் மதிப்புக்குரியவர்.

ஆகவே பானெட்டின் மேல் உள்ள சின்னத்தையோ, உடைந்து தொங்கும் ஹப் கேப்பையோ நினைவுப் பொருளாக எடுத்துவருவது திருட்டு. இதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். இப்படிக் காணாமல்போகும் சிறு பாகங்கள்தாம் மீண்டும் கிடைப்பதற்கு மிகக் கடினமானவை.

உரிமையாளரைச் சந்தித்தால் முதல் கேள்வியாக விலையைக் கேட்காதீர்கள். "இதெல்லாம் என்ன விலைக்குப் போகும்?" என்று தொடங்கினால் அவர் உங்களை இடைத்தரகர் என்று எண்ணிக்கொள்வார், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "ஐயா, தூரத்திலிருந்து ஹெரால்டைப் பார்த்தேன். பக்கத்தில் வந்து பார்க்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். வண்டியின் பெயரைச் சரியாகச் சொல்லும் ஒருவரைத் திருப்பி அனுப்பும் உரிமையாளர்கள் குறைவு.

தொடுவதும் கிளப்புவதும்

அனுமதி கிடைத்தபின் அடுத்த தவறு கை வைப்பது. ஆண்டுக்கணக்கில் மூடியிருந்த கதவை இழுத்தால் கீல் முறியலாம், ஒட்டிப்போன ரப்பர் பெயர்ந்து வரலாம். நல்லெண்ணத்தோடு பானெட்டின் தூசியைத் துணியால் துடைப்பவர்களும் உண்டு. அந்தத் தூசியில் மணல் இருக்கிறது, அதைத் தேய்த்தால் மிஞ்சியிருக்கும் பழைய பெயின்ட்டிலும் கீறல் விழும். இருக்கைக்கு அடியிலும் டிக்கியிலும் கையை விடுவதற்குமுன் பாம்பையும் குளவியையும் நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிவிரியனும் கட்டுவிரியனும் விரும்பும் இருட்டும் எலியும் அங்கே இருக்கின்றன. கல்லின் மேலோ ஜாக்கியின் மேலோ நிற்கும் வண்டிக்கு அடியில் குனிந்து போகவே கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சேதம் விளைவிப்பது "ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்ப்போமா?" என்ற கேள்வி. சில சமயம் உரிமையாளரே ஆர்வத்தில் சம்மதித்துவிடுவார். நீண்ட காலம் ஓடாத எஞ்சினில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கும். அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் வளையம் உடைவதும் சுவரில் கீறல் விழுவதும் நடக்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துளை வழியே சிறிது எண்ணெய் ஊற்றி, நாள்கணக்கில் ஊறவிட்டு, பிறகு கையால் மெல்லச் சுழற்றிப் பார்ப்பதுதான் முறை. டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைத்திருக்கும். அதையும் மீறி எஞ்சின் கிளம்பினால் பிரேக் பிடிக்குமா என்பது அடுத்த கவலை, ஏனெனில் பிரேக் சிலிண்டரின் ரப்பர்கள் அதற்குள் கெட்டுப்போயிருக்கும்.

உங்கள் வண்டியின் பாட்டரியிலிருந்து வயர் கொடுத்து உதவ முன்வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய ஆங்கிலக் கார்கள் பலவற்றில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடல் தகட்டோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய வழக்கப்படி மாற்றி இணைத்தால் மின்சாதனங்கள் புகைந்துபோகும்.

அடையாளம் காண்பதில் வரும் பிழைகள்

உருண்டை முகத்தோடு இருப்பதெல்லாம் அம்பாசடர் அல்ல. 1954-இல் வந்த லேண்ட்மாஸ்டர், மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற ஆங்கிலக் காரின் இரண்டாம் வரிசையிலிருந்து பிறந்தது. அதற்குப் பின் வந்த அம்பாசடர் மூன்றாம் வரிசையிலிருந்து வந்தது. பின்புறம் போய்ப் பாருங்கள். மட்கார்டின் நுனி சற்று எழும்பி நின்றால் அம்பாசடர், உருண்டு வழிந்து இறங்கினால் லேண்ட்மாஸ்டர். இந்த ஒரு வேறுபாடு தெரியாமல், அரிய வண்டியை அம்பாசடர் என்று கடந்துபோகிறவர்கள் மிகப் பலர்.

அதுபோல எல்லா ஃபியட்டையும் பத்மினி என்று அழைக்கிறோம். மும்பை குர்லாவில் பிரீமியர் நிறுவனம் ஃபியட் 1100 வரிசையை 1954 முதல் தயாரித்தது. பிரீமியர் பிரசிடென்ட் என்ற பெயர் 1972-இல் வந்தது, பத்மினி என்ற பெயர் 1974-இல்தான். 1950களின் ஃபியட்டுகளில் முன்கதவுகளின் கீல் பின்பக்கம் இருக்கும், கதவு எதிர்த்திசையில் திறக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் அதன் அருகில் கூடுதல் நேரம் நில்லுங்கள். மோரிஸ் மைனரில் முன் கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டாக இருந்தால் அது 1956-க்கு முந்தைய அமைப்பு.

சென்னைக்கே உரிய வண்டிகளைக் கவனிக்காமல் விடுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ40 கார்களின் பாகங்களைப் பொருத்தி அனுப்பியது. அந்த நிறுவனமே 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. வண்டலூரை ஒட்டிய பகுதியில் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை 1961 முதல் ஹெரால்டைத் தயாரித்தது. இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலொட்டி வடிவமைத்த வண்டி அது. முன்பக்க மட்கார்டுகளோடு சேர்த்து பானெட் முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். தனிச் சேசிஸின் (அடிச்சட்டத்தின்) மேல் உடலைப் பொருத்தியிருப்பார்கள். நான்கு கதவு ஹெரால்டு நம் ஊரில்தான் பிறந்தது, இங்கிலாந்தில் அது கிடையாது. வெளிநாட்டு முத்திரை தேடும் கண்கள் இதைத் தவறவிடுகின்றன.

கிரில்லை மட்டும் பார்த்து ஆண்டு சொல்வதும் பிழைக்கு வழி. அம்பாசடரில் மார்க் 2 மாடலுக்கு நெருக்கமான கட்டங்கள், மார்க் 4 மாடலுக்குப் பெரிய கட்டங்கள் என்பது பொதுவாகச் சரிதான். ஆனால் விபத்துக்குப் பின் கிடைத்த கிரில்லை மாட்டியவர்களும், புது மாடல் போலத் தெரிய வேண்டும் என்று முகத்தையே மாற்றியவர்களும் ஏராளம். பானெட்டுக்கு அடியில் உள்ள தகட்டையும் ஆர்.சி. புத்தகத்தையும் பார்த்தபின் ஆண்டைச் சொல்லுங்கள். நம்பர் பலகையும் உதவும். 1989-இல் புதிய முறை வருவதற்குமுன், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தைக் குறிக்கும் டி.என். 01 போன்ற எண்கள் கிடையாது. மூன்று ஆங்கில எழுத்துகளும் ஓர் எண்ணும் மட்டும் இருந்தால் அது பழைய பதிவு.

மாற்றங்கள் செய்யப்பட்ட வண்டியைக் கண்டு முகம் சுளிப்பவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லை. டீசல் எஞ்சின் ஏற்றிய அம்பாசடர் ஒரு குடும்பத்தின் பிழைப்பாக இருந்திருக்கும். யாழ்ப்பாணத்தை நினைத்துப் பாருங்கள். 1990களின் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் கிடைக்காதபோது, அங்கே மோரிஸ் மைனரையும் ஆஸ்டின் கேம்பிரிட்ஜையும் சிறிது பெட்ரோல் ஊற்றிக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்த வண்டிகளில் இருந்த ஒட்டுவேலைகள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தின் ஆவணம். தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் இருப்பது மட்டுமே மதிப்புள்ளது என்று கொண்டால், மக்கள் இந்தக் கார்களோடு வாழ்ந்த வரலாறு முழுவதும் விடுபட்டுப்போகும்.

படமும் இடமும்

படம் எடுக்க அனுமதி கேட்டவர்கள்கூட, இடத்தைச் சேர்த்து வெளியிடும்போது கேட்பதில்லை. ஊர் பெயர், வரைபடக் குறி, பின்னணியில் கடைப் பலகை ஆகியவை இருந்தால் போதும், பாகம் தேடி வருபவர் இரவில் வந்துவிடுவார். மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நம்பர் பலகையை மறையுங்கள். படத்தின் பிரதி ஒன்றை உரிமையாளருக்கு அனுப்புங்கள்.

வாங்க ஆசை வந்தால்

பளபளக்கும் பெயின்ட்டை நம்புவது முதல் தவறு. டிங்கரிங் வேலையைத் தவிர்த்து, ஓட்டைகளைப் பட்டி போட்டு மூடியிருப்பார்கள். உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, துணியில் சுற்றிய சிறு காந்தத்தைக் கதவின் கீழ் விளிம்பிலும் மட்கார்டின் அடிப்பகுதியிலும் வைத்துப் பாருங்கள். பட்டி கனமாக உள்ள இடத்தில் காந்தம் பிடிக்காது. தரைத் தகட்டையும் டிக்கியின் அடியையும் பாருங்கள். கடலோர ஊர்களில் நின்ற வண்டியை இரண்டு மடங்கு கவனத்தோடு பார்க்க வேண்டும்.

பதினைந்து ஆண்டு கடந்த காரை ஓட்டவே கூடாது என்று உரிமையாளரிடம் சொல்லி விலையைக் குறைக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது உண்மையல்ல. வயதை மட்டும் வைத்து ஓட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு தில்லித் தலைநகர் வட்டாரத்துக்கென வந்தது. தமிழ்நாட்டில் தகுதிச் சோதனையில் தேறினால், வரியும் கட்டணமும் செலுத்திப் பதிவைப் புதுப்பிக்கலாம்.

காகிதங்களைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று முன்பணம் கொடுப்பதுதான் பெரும் நஷ்டத்தில் முடிகிறது. சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் அது ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும். பழைய பதிவுகள் பல பேரேட்டில் மட்டும் இருப்பதால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் கேட்டுப் பாருங்கள். ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் இறந்திருந்தால், படிவம் 31 வழியாக வாரிசின் பெயருக்கு மாறிய பிறகே உங்கள் பெயருக்கு மாற்ற முடியும். வாரிசுகளில் ஒருவர் மட்டும் தலையாட்டினால் போதாது.

ஐம்பது ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டி என்றால், 2021-இல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு பெறலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லுபடியாகும். இந்தப் பதிவைப் பெற்ற வண்டியைக் கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புவது போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். அன்றாடம் அலுவலகத்துக்கு ஓட்டிப்போக ஆசைப்படுகிறவர்கள், இந்தப் பதிவுக்கு விண்ணப்பிக்காமல் வழக்கமான பதிவையே புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.