ஸ்டெல்லேரியம் காட்டினால் சரியாகிவிடுமா? விண்வெளி மென்பொருளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியாழன் கிரகம் நாளைக்கே காணாமல் போனால் மற்ற கோள்கள் என்ன ஆகும்? இதை, வானத்தைக் கணினித் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியத்திடம் கேட்டுப் பயனில்லை. செலஸ்டியாவிடம் கேட்டாலும் அதே கதைதான். இந்த இரண்டு மென்பொருளிலும் கோளைக் கோள் இழுப்பதே கிடையாது. தேதியைக் கொடுத்தால், வானியலாளர்கள் ஏற்கெனவே உருவாக்கி வைத்திருக்கும் சூத்திரத்தில் அதைப் போட்டு, ஒவ்வொரு கோளும் அன்றைக்கு எங்கே நிற்கும் என்று கணக்கிட்டு, அங்கே படம் வரைந்துவிடுகின்றன. செலஸ்டியாவின் தரவுக் கோப்பிலிருந்து வியாழனை எடுத்துவிட்டுப் பாருங்கள், சனி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். அதை வைத்து 'வியாழன் இல்லாவிட்டாலும் பாதிப்பில்லை' என்று எழுதினால் தவறு மென்பொருளுடையது அல்ல.

யுனிவர்ஸ் சாண்ட்பாக்ஸ் இதற்கு நேர் எதிர். அதில் ஒரு தொடக்க நிலை இருக்கும். அங்கிருந்து நியூட்டனின் ஈர்ப்பு விதிப்படி ஒவ்வொரு பொருளும் மற்றவற்றை இழுக்க, அடுத்த கணம், அதற்கடுத்த கணம் என்று கணக்கு நகரும். 'இது இல்லாவிட்டால்?', 'இரண்டு நிலா இருந்தால்?' போன்ற கேள்விகளுக்கு அதுதான் இடம். ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு முன் செவ்வாய் எந்த ராசியில் நின்றது என்று அதனிடம் கேட்கக்கூடாது. படிப்படியாகச் சேரும் சின்னச் சின்னப் பிழைகள் அதற்குள் கோளை வேறெங்கோ கொண்டுபோய் நிறுத்தியிருக்கும்.

நான் பார்த்தவரை பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர் இதுதான். கேள்வி ஒரு வகை, மென்பொருள் வேறு வகை.

நிலா பறந்து போனதா, கணக்கு பறந்து போனதா?

யுனிவர்ஸ் சாண்ட்பாக்ஸில் புதிதாக நுழைபவர்கள் முதலில் செய்வது நேரத்தை வேகமாக ஓட்டுவது. ஒரு நொடிக்கு ஒரு நாள், ஒரு மாதம், ஒரு வருடம்... திடீரென்று செவ்வாயின் ஃபோபோஸ் நிலா பாதையை விட்டுத் தெறித்து ஓடும். உடனே திரைப்பதிவு, 'செவ்வாய் தன் நிலாவை இழக்கப் போகிறது' என்று தலைப்பு.

நடந்தது வேறு. ஃபோபோஸ் செவ்வாயை ஒரு முறை சுற்ற 7 மணி 39 நிமிடம்தான் ஆகிறது. வேகத்துக்காகத் துல்லியத்தை விட்டுக்கொடுத்தால் கணக்கின் ஒவ்வொரு படியும் நீளமாகும். ஒரு படி 2 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு நான்கு புள்ளிகள்கூடத் தேறாது. ஒரு புள்ளியில் நிலா எந்தத் திசையில் போகிறதோ, அதே திசையில் 2 மணி நேரம் அதை ஓடவிட்டுவிட்டு, அப்புறம்தான் கணக்கு திரும்பிப் பார்க்கிறது. அதற்குள் நிலா வளைந்து திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி எங்கோ போயிருக்கும். (நிஜத்தில் ஃபோபோஸ் செவ்வாயை விட்டு விலகவில்லை, மெல்ல மெல்ல நெருங்கிக்கொண்டிருக்கிறது.)

இதைச் சோதிப்பது எளிது. அதே அமைப்பை மறுபடி ஏற்றி, படியைப் பாதியாகக் குறைத்து ஓட்டுங்கள். முடிவு மாறவில்லை என்றால் அது இயற்பியலாக இருக்கலாம். நிலா தெறிக்கும் நேரம் தள்ளிப்போனாலோ தெறிக்காமலே போனாலோ அது வெறும் கணக்குப் பிழை. ஒரே ஒரு ஓட்டத்தை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிடாதீர்கள்.

தொழில்முறை வானியலாளர்களே அப்படிச் சொல்வதில்லை. சூரியக் குடும்பத்தின் உட்கோள்களின் பாதைகள் நீண்ட காலத்தில் கணிக்க முடியாதபடி கலங்கக்கூடியவை என்று 1989இல் பிரெஞ்சு வானியலாளர் ஜாக் லாஸ்கர் காட்டினார். பிறகு 2009இல் அவரும் கஸ்டினோவும் சேர்ந்து சூரியக் குடும்பத்தின் எதிர்காலத்தை 2501 முறை கணினியில் ஓட்டினார்கள். ஓட்டத்துக்கு ஓட்டம் மாற்றியது புதனின் பாதையின் அளவை மட்டும், அதுவும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக. அவற்றில் சுமார் 1 விழுக்காடு ஓட்டங்களில் புதனின் பாதை மிகவும் நீள்வட்டமாகிவிட்டது. எனவே 'புதன் சூரியனில் விழும்' என்று அவர்கள் சொல்லவில்லை, இத்தனையில் இத்தனை என்றார்கள். நாமும் அப்படித்தான் சொல்லப் பழக வேண்டும்.

இன்னொன்று. சூரியனை அழித்தால் யுனிவர்ஸ் சாண்ட்பாக்ஸில் பூமி அந்தக் கணமே நேர்கோட்டில் கிளம்பிவிடும். நியூட்டன் விதியில் ஈர்ப்புக்குப் பயண நேரம் இல்லை. உண்மையில் ஈர்ப்பின் மாற்றமும் ஒளியின் வேகத்தில்தான் பரவும் என்பதால், சூரியன் போன செய்தி பூமிக்கு எட்ட 8 நிமிடம் 20 நொடி ஆகும். அதுவரை பூமி வழக்கம்போலச் சுற்றும்.

ஸ்பேஸ் எஞ்சினில் இறங்கிய கோள்

விண்வெளியில் பறந்து கோள்களில் இறங்கிப் பார்க்க வைக்கும் ஸ்பேஸ் எஞ்சின் மென்பொருளின் அழகு ஆளை மயக்கும். ஆனால் அதில் தெரியும் நட்சத்திரங்களில் மிகப் பெரும்பாலானவை மென்பொருளே விதிகளின்படி உண்டாக்கியவை. பெயர் ஆர்எஸ் என்று தொடங்கினால் அது கற்பனை நட்சத்திரம், ஆர்ஜி என்றால் கற்பனை விண்மீன் மண்டலம். உண்மையானவற்றுக்கு வானியல் பட்டியலில் உள்ள பெயர் இருக்கும். உண்மையான கோளிலும் எது அளந்தது, எது வரைந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 2016இல் கண்டுபிடிக்கப்பட்ட பிராக்சிமா பி உண்மை, அதன் சுற்றுக்காலமும் அளந்தது. நீங்கள் இறங்கி நிற்கும் அந்தக் கடற்கரையும் மேகமும் வரைந்தவை. அதன் தரையை யாரும் படமெடுத்ததில்லை.

பழைய தேதிகள் என்னும் புதைகுழி

நம் ஊரில் இந்த மென்பொருள்களுக்கு அதிக வேலை கொடுப்பது இந்த விஷயம்தான். மகாபாரதப் போர் கி.மு. 3067இல் நடந்தது என்று ஒருவர், கி.மு. 5561 என்று இன்னொருவர். இருவருமே மென்பொருளில் வானத்தைப் பார்த்துத்தான் சொன்னார்கள். இடைவெளி கிட்டத்தட்ட 2500 ஆண்டு!

இங்கே முதலில் தடுக்கிவிடுவது ஆண்டு எண். வானியல் கணக்கில் பூஜ்யம் என்ற ஆண்டு உண்டு, வரலாற்றுக் கணக்கில் இல்லை. ஆகவே கி.மு. 1 என்பது மென்பொருளில் 0, கி.மு. 2 என்பது -1. கி.மு. 585 மே 28 அன்று நிகழ்ந்த புகழ்பெற்ற சூரிய கிரகணத்தைப் பார்க்க ஸ்டெல்லேரியத்தில் -584 என்று தட்ட வேண்டும். -585 என்று போட்டால் அந்த நாளில் கிரகணமே இருக்காது.

அடுத்து, பூமியின் சுழற்சி மெல்ல மெல்லக் குறைந்து வருகிறது. ஒரு நாளைக்கு மிகச் சிறியதுதான், ஆனால் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். அந்த கி.மு. 585 கிரகணத்தின் காலத்துக்கு மொத்த வித்தியாசம் சுமார் 5 மணி நேரம். பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்வதால், இதைச் சேர்க்காவிட்டால் கிரகண நிழல் வேறு நாட்டில் போய் விழும். ஸ்டெல்லேரியம் இதைத் தானே சேர்த்துக்கொள்கிறது, எந்த மாதிரியைப் பயன்படுத்துவது என்றும் தேர்ந்தெடுக்கலாம். கி.மு. 3000 என்றால் வித்தியாசம் ஏறத்தாழ 20 மணி நேரம். அந்தக் காலத்துக்குச் சரிபார்க்க நம்பகமான கிரகணப் பதிவு எதுவும் இல்லை, பிற்காலக் கணக்கைப் பின்னோக்கி நீட்டியதுதான். ஆக, 'அன்று இந்த ஊரில் சூரியன் மறையும்போது கிரகணம்' என்று கி.மு. 3000க்கு அடித்துச் சொல்ல முடியாது. கோள்களுக்கும் எல்லை உண்டு. ஸ்டெல்லேரியம் வழக்கமாகப் பயன்படுத்தும் விசாப்87 சூத்திரம் புதன் முதல் செவ்வாய் வரை கி.மு. 2000 வாக்கிலிருந்துதான் முழுத் துல்லியம் தரும். வியாழனுக்கும் சனிக்கும் கி.பி. தொடக்கத்திலிருந்துதான்.

இதையெல்லாம் நம் பக்கத்து உதாரணம் ஒன்றில் வைத்துப் பார்ப்போம். திருப்பாவையில் 'வெள்ளி எழுந்து வியாழம் உறங்கிற்று' என்ற வரி. விடியலில் கிழக்கே வெள்ளி உதிக்க, மேற்கே வியாழன் மறைகிறது. இதை வைத்துத் தமிழறிஞர் மு. இராகவையங்கார் ஆண்டாளின் காலத்தைக் கி.பி. 731 என்று கணித்தார். அன்று கையால் போட்ட கணக்கை இன்று யார் வேண்டுமானாலும் திரையில் பார்க்கலாம், எனவே பலரும் பார்க்கிறார்கள்.

தவறு தொடங்குவது மாதத்தில். மார்கழி என்றதும் டிசம்பர் 16 முதல் ஜனவரி 13 வரை தேடுவார்கள். 1582 அக்டோபர் 15க்கு முந்தைய நாட்களை ஸ்டெல்லேரியம் ஜூலியன் நாள்காட்டியில் காட்டுகிறது. எட்டாம் நூற்றாண்டில் அந்த நாள்காட்டிப்படி மார்கழி நவம்பர் கடைசி வாரத்தை ஒட்டித் தொடங்கி, டிசம்பர் 21 வாக்கில் முடிந்துவிடும். இன்றைய தேதிகளை வைத்துத் தேடினால் பெரும்பகுதி தை மாதத்தில்தான் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அதைவிடப் பெரிய தவறு, பொருந்தும் ஓர் ஆண்டு கிடைத்ததும் தேடலை நிறுத்துவது. வெள்ளி 8 ஆண்டுக்கு ஒரு முறை கிட்டத்தட்ட அதே தேதியில் அதே இடத்துக்கு வந்துவிடும். வியாழன் ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்வது சுமார் 12 ஆண்டு. ஆக ஒரு மார்கழியில் அமைந்த காட்சி 24 ஆண்டு கழித்து ஏறக்குறைய அப்படியே திரும்பலாம். ஒரு நூற்றாண்டுக்குள் பல முறை அமையக்கூடிய காட்சி இது. 731 பொருந்துகிறது என்பது வேறு, 731 மட்டும்தான் பொருந்துகிறது என்பது வேறு.

ஆகவே மென்பொருளைத் திறக்கும் முன்பே நிபந்தனைகளை எழுதி வையுங்கள். வெள்ளி தொடுவானத்துக்கு எத்தனை பாகை மேலே வந்தால் 'எழுந்தது'? அந்த நேரத்தில் வியாழன் முழுக்க மறைந்திருக்க வேண்டுமா, சாய்ந்திருந்தால் போதுமா? பௌர்ணமியும் அதே நாளில் வேண்டுமா? முடிவைப் பார்த்த பிறகு இவற்றைத் தளர்த்தினால் எந்த ஆண்டையும் பொருத்திவிடலாம். மென்பொருளில் காற்று மண்டலத்தைக் காட்டும் வசதியை அணைத்துவைக்கவும் கூடாது. தொடுவானத்தில் ஒளி சுமார் அரைப் பாகை வளைவதால் உதயமும் மறைவும் இரண்டு நிமிடமாவது மாறும்.

சின்ன விஷயங்கள், ஆனால் ஆளைக் கவிழ்ப்பவை

ஊரும் நேர மண்டலமும் சரியா என்று பார்க்க 2019 டிசம்பர் 26க்குப் போங்கள். கோயம்புத்தூரில் காலை ஒன்பதரை வாக்கில் சூரியன் வளையமாகத் தெரிய வேண்டும், சென்னையில் பகுதி கிரகணம் மட்டும். அப்படி வராவிட்டால் வேறெதையும் தேடாமல் அமைப்பைச் சரிசெய்யுங்கள். நிலாவைப் பெரிதாக்கிக் காட்டும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நடக்காத மறைப்பெல்லாம் நடந்ததாகத் தெரியும்.

திரையைப் பிடித்த படத்தை மட்டும் ஆதாரமாகப் பகிராதீர்கள். மென்பொருளின் பதிப்பு எண், ஊர், நேர மண்டலம், பூமிச் சுழற்சிக்கு எடுத்துக்கொண்ட மாதிரி, நீங்கள் வைத்த நிபந்தனைகள், தேடிய ஆண்டுகளின் வரம்பு எல்லாவற்றையும் கூடவே எழுதுங்கள். திருப்பாவைக் கேள்வி என்றால் கி.பி. 600 முதல் 900 வரை எல்லா மார்கழியையும் ஓட்டி, நிபந்தனைக்குள் வந்த ஆண்டுகள் எல்லாவற்றையும் பட்டியலாகக் கொடுங்கள். ஸ்டெல்லேரியத்தில் எஃப்10 விசையை அழுத்தினால் திறக்கும் வானியல் கணிப்புச் சாளரம் கோள்களின் சேர்க்கையையும் எதிர்நிலையையும் தேதிவாரியாக எடுத்துத் தரும், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.